பச்சைக் கயிறு கட்டிய பை

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் போதும், பெரியம்மா போய் அதன் பைகளைத் தடவிப் பார்த்துவிடுவாள். வந்தவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். பெரியப்பா முன்கூட்டியே சொல்லி வைப்பார்: "தப்பா நினைக்காதீங்க. அது திருட்டுப் புத்தி இல்ல, தொழில் புத்தி. என் சட்டைப் பையில நான் ரகசியம் வச்சு ரொம்ப காலம் ஆச்சு."

பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நான் பெரியம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கே எழுதுவதெல்லாம் அவள் சொன்னது, அவளோடு வேலை பார்த்தவர்கள் சொன்னது. அவளை நல்லவளாகக் காட்டுவதற்காக எழுதவில்லை. "எழுதுறதா இருந்தா நடந்ததை எழுது, எனக்குப் பவுடர் பூசாதே" என்று அவளே சொல்லிவிட்டாள்.

பெரியம்மா வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளின் துணியெல்லாம் அங்கேதான் வரும். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு, நர்ஸ்களின் உடுப்பு. வண்டியிலிருந்து இறங்கும் துணி முதலில் பிரிப்பு மேஜைக்குப் போகும். நீளமான தகர மேஜை. இரண்டு பக்கமும் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைகளைத் துழாவி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் போட வேண்டும். கத்தரிக்கோல் வரும், சாவிக்கொத்து வரும், பாதி கடித்த பிஸ்கட் வரும். ஒருமுறை பல் செட்டே வந்திருக்கிறது. "டாக்டரோடதா நோயாளியோடதான்னு கடைசி வரைக்கும் தெரியல" என்பாள் பெரியம்மா. இதில் பயப்பட வேண்டியது பேனாவுக்குத்தான். ஒரே ஒரு பேனா தப்பி உள்ளே போனால் போதும், சுடுதண்ணீரில் மை கரைந்து எந்திரத்தில் இருக்கும் அத்தனை கோட்டும் நீலமாகிவிடும்.

அதனால் அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. மேஜையில் நிற்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத்தில் கயிறு. பெரியம்மாவுக்கு மஞ்சள். பைகளைச் சோதித்து முடித்த துணியை ஒரு பெரிய சாக்குப்பையில் திணித்து, தன் நிறக் கயிற்றால் வாயைக் கட்டி அனுப்ப வேண்டும். ஒரு சாக்குப்பை ஓர் எந்திரத்துக்கு. எந்திரக்காரர் கட்டைப் பிரித்ததும் அந்தக் கயிற்றை எந்திரத்தின் கைப்பிடியில் மாட்டிவிடுவார். துணி வெளியே வரும்வரை அது அங்கேயே தொங்கும். எது கெட்டாலும் யார் கட்டிய பை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

ஆனால் ஸ்டோரில் கயிறு கொடுக்கிற ஆள் கஞ்சன். தன் வீட்டுக் கயிற்றை அறுத்துக் கொடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பான். கயிறு தீர்ந்துபோனால் அவனிடம் போய் நிற்க வேண்டும், அதற்குள் மேஜையில் துணி மலையாகிவிடும். அதனால் தீர்ந்துபோனவள் பக்கத்துக் கொக்கியில் தொங்குவதை உருவிக்கொள்வாள். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே பெரியம்மாதான். "கயித்துல என்னடி உன்னுது என்னுது? எடுத்துக் கட்டுங்க" என்பாள். மேஜையில் எல்லோருக்கும் இது தெரியும். மாடியில் இருந்த மேனேஜருக்குத் தெரியாது.

பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவளின் நிறம் பச்சை. அவளை எல்லோரும் 'எதிர்க்கட்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கக் கூட்டத்தில் எதைச் சொன்னாலும் அவள் எழுந்து, "நான் ஒத்துக்க மாட்டேன்" என்பாள். டீ சூடாக இருக்கிறது என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒல்லியான உடம்பு, ஆனால் குரல் எந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கும். முதலில் அவளும் பெரியம்மாவும் நல்ல சிநேகம். ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறார்கள். பெரியம்மாவை அவள் 'அக்கா' என்பாள், பெரியம்மா அவளை 'வாடி போடி' என்பாள்.

சங்கம் வலுவானது பெரியம்மா செயலாளராக வந்த பிறகுதான். அதற்கு முன் மேனேஜர் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஒருத்தருக்குச் சிரிப்பு, இன்னொருத்தருக்கு மிரட்டல் என்று பிரித்து வைத்திருந்தார். பெரியம்மா மல்லுக்கட்டி ஓர் ஒப்பந்தம் வாங்கினாள். இனி நிர்வாகம் தொழிலாளர்களிடம் தனித்தனியாகப் பேரம் பேசக்கூடாது, சங்கத்தோடுதான் பேச வேண்டும். விசாரணை என்று யாரை மாடிக்குக் கூப்பிட்டாலும் கூடவே சங்கச் செயலாளர் வருவார், தொழிலாளி சார்பில் அவர்தான் பேசுவார், கேள்வி கேட்பார், வேறு யாரும் வர முடியாது.

மேனேஜர் அப்போது கேட்டாராம்: "சரி, எல்லார் சார்பாவும் நீங்கதான் பேசுவீங்கன்னா, உங்க யூனியன்ல சேராதவங்களுக்கு யாரு பேசுறது?"

பெரியம்மா யோசிக்கவே இல்லை. "அவங்களுக்கும் நாங்கதான். அந்த மேஜையில நிக்கிற எல்லாரும் எங்க ஆளுதான். அதையும் ஒரு வரியா எழுதிக்குங்க."

அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கீழே வந்து அவள் அதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்க்கட்சி மட்டும், "எழுதுறதுக்கு என்ன, எழுதலாம்" என்றாளாம்.

இன்னொரு பழக்கமும் அப்போது வந்தது. யாரையாவது விசாரணைக்குக் கூப்பிட்டால், வேலையைக் கொஞ்சம் விட்டுவிட்டு ஒருத்தரோ இரண்டு பேரோ போய் மாடிப்படிக்குக் கீழே நிற்பார்கள். ஒன்றும் பேச மாட்டார்கள், கோஷம் கிடையாது. மேலே போனவர் இறங்கி வரும்போது தெரிந்த முகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரும்புப் படி அது. இறங்குகிற காலடிச் சத்தத்தைக் கேட்டே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லிவிடுவார்களாம்.

சிநேகம் முறிந்தது தேர்தலில். செயலாளர் பதவிக்கு எதிர்க்கட்சி பெரியம்மாவை எதிர்த்து நின்றாள், தோற்றாள். தோற்றதுகூடப் பெரிதில்லை. கை தூக்கி ஓட்டுப் போடும்போது அவளுக்காகத் தூக்கிய சில கைகள், பெரியம்மா திரும்பிப் பார்த்ததும் தலையைச் சொறிவதுபோல் இறங்கிவிட்டன. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு எதிர்க்கட்சி சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டாள். 'அக்கா' போய் 'மேடம்' வந்தது.

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. உலர்த்தும் அறையில் வெக்கை தாங்காமல் ஒருத்தி மயங்கி விழுந்தாள். காற்றாடி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வேலையை நிறுத்துவது என்று சங்கம் முடிவு செய்தது.

எதிர்க்கட்சி எழுந்தாள். "நான் ஒத்துக்க மாட்டேன். இது பிஸ்கட் கம்பெனி இல்ல, ஆஸ்பத்திரித் துணி. முன்னாடியே சொல்லிட்டு நிறுத்துவோம். திடீர்னு நிறுத்தினா அங்க ஆபரேஷன் நின்னுபோகும்."

"நீ யூனியன்லயே இல்ல, உனக்கு என்ன பேச்சு?" என்றார் சங்கத் தலைவர். அவர் பாய்லர் அறையில் வேலை பார்ப்பவர், பாய்லர்காரர் என்பார்கள். எதிர்க்கட்சி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை எல்லோரும் வாசலில் நின்றபோது, அவள் டிபன் டப்பாவோடு நேராக உள்ளே போனாள். யாரோ ஒருத்தி ஈரத்துணியைச் சுருட்டி அவள் முதுகில் எறிந்தாள். "கருங்காலி!" என்று கத்தினார்கள். எறிந்தது யார் என்று பெரியம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எதிர்க்கட்சி திரும்பிப் பார்க்காமல், முதுகில் ஒட்டிய துணியை எடுத்து, பழக்கத்தில் அதை நான்காக மடித்து, வாசல் சுவரின்மேல் வைத்துவிட்டுப் போனாளாம்.

வேலைநிறுத்தம் ஜெயித்தது. காற்றாடிகள் வந்தன. எதிர்க்கட்சியும் எல்லோரோடும் மேஜையில் நின்றாள், ஆனால் அவளோடு யாரும் பேசவில்லை. "நாம வாங்கின காத்துல நிக்கிறா பாரு" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். "காத்து என்ன, உங்க அப்பன் வீட்டுதா?" என்று அவளும் விடமாட்டாள். அவளது கொக்கியிலிருந்து கயிறு உருவிக்கொள்வதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. ஸ்டோர்க்காரனிடம் போய் நிற்பதற்கு அது மேல் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ஓர் எந்திரத்தைத் திறந்ததும் உள்ளே இருந்த கோட்டுகள் எல்லாம் நீலத் திட்டுத் திட்டாக வந்தன. ஒரு பேனா மூடி உடைந்து அடியில் கிடந்தது. கோட்டுகளை அனுப்பிய ஆஸ்பத்திரி, இனி துணியை வேறு இடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டது. எந்திரத்தின் கைப்பிடியில் பச்சைக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்க்கட்சியை மாடிக்குக் கூப்பிட்டார்கள். போகும் முன்பு அவள் பெரியம்மாவிடம் வந்தாள். வெகுநாள் கழித்து, "அக்கா" என்றாள்.

"அன்னைக்கு மத்தியானம் நான் மேஜையிலயே இல்ல. டிரையர் ரூம்ல தள்ளுவண்டி மாட்டிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க, அங்கதான் இருந்தேன். என் கயித்தை யாரோ எடுத்துக் கட்டியிருக்காங்க. மேஜையில கேட்டுப் பாருங்க."

"பாக்கலாம்" என்றாள் பெரியம்மா.

மேஜை அங்கேதான் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அந்தப் பையை யாருடி கட்டினது?" என்று கேட்க வேண்டியதுதான். அதை அவள் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று நான் ஒருமுறை பெரியம்மாவிடம் கேட்டேன். கோபமா என்று.

"கோபம்னு சொன்னாக்கூட நல்லா இருக்கும்" என்றாள். "கோபம் இல்ல. சோம்பல். அவளுக்காக எழுந்து ஒரு மேஜையைச் சுத்தி வர மனசு வரல. வேற யாராவது இருந்திருந்தா ஓடியிருப்பேன்."

மேலே அறையில் மேனேஜர் மேஜைமேல் அந்தப் பச்சைக் கயிற்றை வைத்திருந்தார். எதிர்க்கட்சி தான் உலர்த்தும் அறையில் இருந்ததைச் சொன்னாள். கயிற்றை வேறு யாரோ எடுத்திருக்க வேண்டும் என்றாள்.

"ஒருத்தர் கயித்தை இன்னொருத்தர் எடுக்கிற வழக்கம் உண்டா?" என்று கேட்ட மேனேஜர், அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டார். "யூனியன் சார்பா ஏதாவது சொல்லணுமா? யாரையாவது கூப்பிட்டுக் கேக்கணுமா?"

வழக்கம் உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், யார் எடுத்தது என்று மேஜையில் உள்ள ஒவ்வொருத்தியையும் மாடிக்குக் கூப்பிடுவார்கள். அவர்கள் எல்லோரும் சங்கத்தில் இருப்பவர்கள். வாசலில் வெயிலில் நின்றவர்கள். பெரியம்மா கயிற்றைப் பார்த்தபடியே, "ஒண்ணும் இல்ல" என்றாள்.

எதிர்க்கட்சி அப்போது சண்டை போடவில்லை. "நான் ஒத்துக்க மாட்டேன்" என்றும் சொல்லவில்லை. திரும்பிப் பெரியம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தாளாம். வேலை போய்விட்டது என்று மேனேஜர் சொன்னதும் எழுந்து படியிறங்கினாள். படிக்குக் கீழே யாரும் இல்லை. அவள் கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாக, தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கோட்டுகளில் அறுந்த பொத்தான்களைத் தைக்கிற ஒருத்தி அங்கே உண்டு. 'பட்டன்' என்பார்கள். பயந்த சுபாவம், வாய் திறக்க மாட்டாள். துணி அதிகம் வரும் நாளில் அவளும் மேஜைக்கு வந்து கை கொடுப்பாள். எதிர்க்கட்சி போன பிறகு ஒரு நாள் டீ நேரத்தில் பட்டன் பெரியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டீயைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, டீல ஈ விழுந்துருச்சா?"

"அக்கா, அந்தப் பச்சைக் கயிறு கட்டின பை இருக்குல்ல? அதை நான்தான் கட்டினேன்."

பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"ஒரு கோட்டுக்கு உள்பக்கம் ஒரு பை இருந்திருக்கு. அதுல இருந்த பேனாவை நான் பாக்கல. எனக்குன்னு கயிறு கிடையாது, அவ கயிறு தொங்குச்சு, எடுத்துக் கட்டிட்டேன்."

"அன்னைக்கே ஏன்டி சொல்லல?"

பட்டன் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீங்க வந்து கேப்பீங்கன்னு இருந்தேன் அக்கா. யூனியன் கேட்டா சொல்லிடணும்னு மனசுல வச்சுக்கிட்டேதான் நின்னேன். நானா போய்ச் சொல்ற தைரியம் எனக்கு ஏது? நீங்க மேஜைப் பக்கமே வரல. சரி, அவளுக்காக யாரும் கேக்கப் போறதில்ல போலன்னு விட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா பட்டனைக் குறை சொல்ல மாட்டாள். பட்டன் பொய் சொல்லியிருந்தாலோ, ஒளித்து வைத்திருந்தாலோ அவள்மேல் பாரத்தைப் போட்டுவிடலாம். ஆனால் அவள் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கேட்கவேண்டியவள் கேட்கவில்லை.

பெரியம்மா மாடிக்கு ஓடினாள். மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் அன்று கையை விரித்துவிட்டார். "நான் கேட்டேனா இல்லையா? உங்க வாயால ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. யூனியனே ஒத்துக்கிட்ட விசாரணையை நான் எப்படிம்மா திரும்பத் திறக்கிறது? நாளைக்கு எல்லாத்தையும் திறக்கச் சொல்வீங்க."

எதிர்க்கட்சி அப்போது ஒரு கடையில் துணி தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா போய் நின்றபோது அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தாள். நிமிரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டி."

"சரி. அதுக்கு நான் என்ன பண்ணணும் மேடம்? டீ வாங்கித் தரணுமா?"

"லேபர் ஆபீஸ்ல யூனியன் மேல புகார் குடு. யூனியன் எனக்காகப் பேசலைன்னு குடு. என் மேலயே குடு. நான் வந்து ஆமான்னு சொல்றேன்."

எதிர்க்கட்சி அப்போதுதான் நிமிர்ந்தாள். "உங்களைக் கேட்டுட்டுத்தான் குடுக்கணுமா? அதெல்லாம் எப்பவோ குடுத்தாச்சு. போங்க, காலர்ல சூடு பட்டுரும்."

புகார் சங்கத்துக்கு வந்ததும் பாய்லர்காரர் குழுவைக் கூட்டினார். "கருங்காலி நம்ம மேலயே கேஸ் போடுறா" என்றார். பெரியம்மா நடந்ததைச் சொன்னாள். பட்டனின் பெயரைச் சொல்லவில்லை. மேஜையில் ஒருத்தி ஒத்துக்கொண்டாள் என்று மட்டும் சொன்னாள்.

பாய்லர்காரர் அமைதியாக யோசனை சொன்னார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. மேஜையில கேட்டோம், யாரும் வாயைத் திறக்கலைன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுபோச்சு."

"நான் கேக்கவே இல்லையே."

"யாரும் வாயைத் திறக்கலைங்கிறது நிஜம்தானே? பாதி நிஜம் போதும்."

"அண்ணே, பாதி துவைச்ச கோட்டை யாராவது போட்டுக்குவாங்களா?"

"நீங்க யாருக்காகப் பேசுறீங்க?" என்று கோபமாகக் கேட்டார் அவர். "வாசல்ல நம்மளோட நின்னவங்களுக்கா, நம்மளைத் தாண்டி உள்ள போனவளுக்கா?"

பதில் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கியதும் அவள்தான்.

தொழிலாளர் அலுவலகத்தில் ஓர் அம்மா அதிகாரி. பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெஞ்சில் எதிர்க்கட்சி, எதிர்ப் பெஞ்சில் பெரியம்மாவும் பாய்லர்காரரும். அதிகாரி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்த மேஜையில வேலை பாக்கிறவங்களை விசாரிச்சீங்களா?"

பாய்லர்காரர் பெரியம்மாவின் காலை லேசாக மிதித்தார்.

"இல்லைங்க. விசாரிக்கல."

"ஏன்?"

"இவ எங்க ஆளு இல்லன்னு நினைச்சிட்டேன்."

"யூனியன்ல இல்லாதவங்களுக்கும் நீங்கதான் பேசணும்னு ஒப்பந்தத்துல இருக்கே? வேற யாரும் அந்த ரூமுக்குள்ள போகவே முடியாதே? நீங்களும் பேசலைன்னா அவங்களுக்கு யாரு பேசுவா?"

"தெரியும். யாரும் இல்ல" என்றாள் பெரியம்மா.

எதிர்க்கட்சி அப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

விசாரணையை மறுபடி நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பெரியம்மா பட்டனிடம் போய், "உன் பேரை நான் சொல்ல மாட்டேன், நீயா சொன்னாத்தான் உண்டு" என்றாள். பட்டன் ஓர் இரவு யோசித்துவிட்டு வந்து, "நீங்க மேல என்னைக் கேளுங்க அக்கா, கேட்டாச் சொல்லிடுவேன்" என்றாள். இந்த முறை மேலே பெரியம்மா கேட்டாள். கயிறு மாற்றிக் கட்டுகிற பழக்கத்தையும், அதைத் தொடங்கியது தான்தான் என்பதையும் சொன்னாள். பட்டனைக் கூப்பிடச் சொன்னாள். பட்டன் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்க்கட்சிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பட்டனைச் சில வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பேனா கண்ணில் படாமல் போனது யாருக்கும் நேரக்கூடியது என்று பெரியம்மா வாதாடியதால்தான் அதோடு போயிற்று.

ஆனால் அன்று படியிறங்கும்போதும் கீழே யாரும் எதிர்க்கட்சிக்காக நிற்கவில்லை. நின்றவர்கள் பட்டனுக்காக நின்றார்கள். பட்டன் அழுதுகொண்டே இறங்கியதும் அவளைச் சுற்றி அணைத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகிற போக்கில் ஒருத்தி பெரியம்மாவைப் பார்த்து, "கருங்காலிக்காக நம்ம பொண்ணைக் காட்டிக் குடுத்துட்டீங்களே" என்றாள்.

படிக்குக் கீழே இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"ஜெயிச்சாச்சு போல" என்றாள் எதிர்க்கட்சி. "ஒரு ஈ காக்காயக் காணோம்."

"நான் இருக்கேனேடி."

"நீங்க மேல இருந்தீங்க. மேல இருக்கிறது உங்க வேலை." இரும்புப் படியைப் பார்த்துச் சொன்னாள்: "போன தடவை இறங்கும்போது, உங்களைத் திட்டிக்கிட்டேதான் இறங்கினேன். ஆனாலும் கீழ யாராவது ஒருத்தி நிப்பான்னு நினைச்சேன். எப்பவும் நிப்போமே, பழக்கம்தானே. நானே எத்தனை தடவை நின்னிருக்கேன்."

அடுத்த தேர்தலில் பெரியம்மா தோற்றாள். அவளுக்காகக் கொஞ்சம் கைகள் எழுந்தன. புதுச் செயலாளர் திரும்பிப் பார்த்ததும் அவற்றில் சில தலையைச் சொறிந்துகொண்டு இறங்கின. தன் காலத்தில் தானும் இதே மாதிரிதான் திரும்பிப் பார்த்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்ததாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அவளே சிரித்தாள். பெரியப்பா சிரிக்கவில்லை. "நம்ம வீட்லயாவது ஒரு யூனியன் ஆரம்பி, நான் சேந்துக்கிறேன்" என்றார். கொஞ்சம் கழித்து அடுப்படியில் பாத்திரம் சத்தமாக விழுந்தது. பெரியப்பா போய்ப் பார்த்தபோது அவள் பாத்திரத்தை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியம்மா இப்போதும் அதே மேஜையில், மஞ்சள் கயிற்றோடு நிற்கிறாள். எதிர்க்கட்சியை உலர்த்தும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். பச்சைக் கயிறு இப்போது யாருக்கும் இல்லை, கொக்கி காலியாக இருக்கிறது. ஒன்று மட்டும் மாறிவிட்டது. மேஜையில் யாரும் யாருடைய கயிற்றையும் தொடுவதில்லை. தீர்ந்துபோனால் ஸ்டோருக்குத்தான் போகிறார்கள். சிலர் கயிற்றைக் கொக்கியில் மாட்டாமல் இடுப்பில் சொருகிக்கொள்கிறார்கள். "அதை நான்தான் ஆரம்பிச்சு வச்சேன், நான்தான் முடிச்சும் வச்சேன்" என்பாள் பெரியம்மா. அவள் வருத்தப்படுவது பதவி போனதற்காக இல்லை என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. ஒருத்திக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. பக்கத்தில் நிற்பவளின் கயிறு எனக்கும் ஆகும் என்கிற நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சமீபத்தில் ஒரு நாள் அவளுக்கே கயிறு தீர்ந்துவிட்டது. மேஜையில் துணி குவிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற புதுப் பெண்ணிடம் கையை நீட்டினாள்.

"வேணாம் அக்கா, வம்பு" என்று அந்தப் பெண் தன் கயிற்றை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

கட்டாத பையின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு, ஸ்டோருக்கு எப்படிப் போவது என்று பெரியம்மா விழித்து நின்றாள். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார். அப்போது உலர்த்தும் அறையிலிருந்து தள்ளுவண்டியோடு எதிர்க்கட்சி வந்தாள். அன்று படிக்குக் கீழே பேசியதற்குப் பிறகு அவள் பெரியம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்ன மேடம், கயிறு தீந்துபோச்சா?"

அவ்வளவுதான். வண்டி நிற்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா முதல் வேலையாக இதைத்தான் சொன்னாள், ஏதோ நல்ல செய்தி வந்ததுபோல.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சொல்றதுக்குள்ள போயிட்டாடி" என்றாள்.